சம்பளம் ஏறிற்று, ஆஸ்பத்திரி மாறிற்று!

(மீஞ்சூரிலிருந்து நமது நிருபர்)

காலை ஐந்தரை மணி. மீஞ்சூர் ரயில் நிலையத்தில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகிற மின்சார ரயிலுக்காக ஒரு கூட்டம். சென்னைப் பக்கம் போகிற ரயிலுக்காக இன்னொரு கூட்டம். தோளில் பை, பைக்குள் சாப்பாட்டு டப்பா, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகள். தெற்கே அத்திப்பட்டுப் பக்கத்து அனல் மின் நிலையங்கள். கிழக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். 'வட காஞ்சி' என்று பெயர் பெற்று, ஏகாம்பரநாதரையும் வரதராஜப் பெருமாளையும் கும்பிட்டுக்கொண்டிருந்த ஊர், இப்போது ஷிப்டு நேரத்தைப் பார்த்து எழுந்து ஷிப்டு நேரத்தைப் பார்த்துத் தூங்குகிறது.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் சாப்பாட்டு டப்பா இல்லாமல் ஒரு பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். வயது நாற்பத்து நான்கு இருக்கும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் இரும்புப் பாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில் பதினேழு வருஷமாக மெஷின் ஓட்டுகிறார். அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. எதிர்த் திசையில், சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"பையிலே என்னங்க, வீட்டுப் பத்திரமா?" என்று கேட்டேன்.

"வீடு வாடகை வீடு சார். இது என் சம்சாரத்தோட டயாலிசிஸ் காகிதம்" என்றார்.

ரயில் வரும் வரையில் பேசினோம். அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் இரண்டு நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். மூன்று வருஷமாக ஈ.எஸ்.ஐ. மூலமாக, அவர்கள் ஏற்பாடு செய்து கொடுத்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அது நடந்து வந்தது. கையிலிருந்து ஒரு காசு செலவில்லை. இந்த வருஷம் ஏப்ரல் மாதம் ஆலையில் புதுச் சம்பள ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இவருடைய சம்பளம் 20,400 ரூபாயிலிருந்து 21,600 ரூபாய் ஆயிற்று. மற்றவர்கள் ஸ்வீட் வாங்கினார்கள். இவர் மானேஜரிடம் போய் நின்றார்.

"எனக்கு இந்த உயர்வு வேண்டாம் சார்னு கேட்டேன். அவர் சிரிச்சார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துட்டுச் சிரிப்பை நிறுத்திட்டார்."

சம்பள உயர்வு வேண்டாம் என்று ஒரு தொழிலாளி கெஞ்சுவதற்குக் காரணம் ஓர் எண். அந்த எண் 21,000.

கான்பூரிலிருந்து கோயமுத்தூர் வரை

ஈ.எஸ்.ஐ. என்றால் நம் ஊரில் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் அதன் பூர்வோத்தரம் சுவையானது. யுத்தம் முடியாத 1944ஆம் வருஷத்தில், பேராசிரியர் பி. பி. அடார்கர் என்பவர் ஆலைத் தொழிலாளிகளுக்கு நோய்க்கால இன்ஷூரன்ஸ் வேண்டும் என்று அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அதிலிருந்து 1948இல் சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரி 24ஆம் தேதி கான்பூரில் பண்டித நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். டில்லியும் அதே நாளில் சேர்ந்தது. நம் மாகாணத்துக்கு அது வந்து சேர்ந்தது 1955இல், முதலில் கோயமுத்தூருக்கு. பஞ்சாலை நகரம் அல்லவா!

தொழிலாளி கொஞ்சம், முதலாளி அதைவிட அதிகம் என்று இருவரும் பணம் கட்டுவார்கள். 2019 ஜூலை முதல் அந்த விகிதம் தொழிலாளிக்குச் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளிக்கு மூன்றே கால் ரூபாய். நம் பிளாட்பார நண்பரின் கணக்கில் பார்த்தால், அவர் மாதம் 153 ரூபாய் கொடுத்தார். கம்பெனி 663 ரூபாய் கொடுத்தது. இதற்குப் பதிலாக அவருக்கும் மனைவிக்கும் குழந்தைகளுக்கும், சொந்த வருமானம் இல்லாத தாய் தந்தையருக்கும் வைத்தியம். தலைவலி மாத்திரையிலிருந்து இருதய ஆபரேஷன் வரை. இத்தனை லட்சத்துக்கு மேல் கிடையாது என்ற உச்சவரம்பு வைத்தியத்துக்கு இல்லை. நோயால் வேலைக்குப் போக முடியாவிட்டால், வருஷத்தில் 91 நாள் வரையில் சம்பளத்தில் நூற்றுக்கு எழுபது பாகம் கைக்கு வரும். காசம், புற்றுநோய் போன்ற நெடுநாள் நோய்களானால் அதற்கு மேலும் உண்டு.

ஆனால் வாசலில் ஒரு கம்பு குறுக்கே வைத்திருக்கிறது. சம்பளம் குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் உள்ளே இடமில்லை. ஆரம்பத்தில் அந்தத் தொகை மாதம் 400 ரூபாய். அது ஏறி ஏறி 2006இல் 10,000 ஆயிற்று; 2010இல் 15,000; 2017 ஜனவரி முதல் 21,000. விலைவாசி ஓடுகிற வேகத்தில் இந்தக் கம்பு உயர்வதில்லை. 2017இல் 21,000 ரூபாய் வாங்கியவர் மேஸ்திரி. இப்போது அதே சம்பளம் ஏழெட்டு வருஷம் பழகிய சாதாரண ஆப்பரேட்டருக்கு வருகிறது. கம்பு நின்ற இடத்திலேயே நிற்க, கூட்டம் கூட்டமாகத் தொழிலாளிகள் தலை இடித்து வெளியே வருகிறார்கள்.

வெளியே வருகிறவர்களுக்குக் கம்பெனி ஒரு புது அட்டை கொடுக்கிறது. அது குரூப் இன்ஷூரன்ஸ் அட்டை. பொது இன்ஷூரன்ஸ் போய், தனியார் நிர்வாகத்தில் நடக்கும் வைத்தியம் வந்துவிட்டது என்று அர்த்தம். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள், எவ்வளவு பணம் என்பதையெல்லாம் டாக்டரும் நோயாளியும் மட்டும் தீர்மானிப்பதில்லை. எங்கோ ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் 'சரி' என்று சொல்ல வேண்டும். அந்த அலுவலகத்துக்கு டி.பி.ஏ. என்று பெயர், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் நோயாளிக்கும் நடுவில் நிற்கும் மூன்றாவது ஆசாமி.

"ரெண்டு நாளில் வீட்டுக்கு வந்துட்டேன்"

புது அட்டையைத் திட்டுவதற்கென்றே நான் கிளம்பினேன் என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். பொன்னேரி சாலையில் குடியிருக்கும் ஓர் அம்மாளைச் சந்தித்தேன். ஒரு மின்சாதன ஆலையில் சூபர்வைசர். போன வருஷம் ஈ.எஸ்.ஐ.யை விட்டு வெளியே வந்தவர். அட்டை வந்த நான்காம் மாதம் பித்தப்பையில் கல். வெள்ளிக்கிழமை தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தார்.

"கையுறை, பஞ்சு, அது இதுன்னு 2,300 ரூபா நான் கட்டினேன். பாக்கியெல்லாம் அட்டை பார்த்துக்கிச்சு. டாக்டர் உட்கார வச்சுப் பேசினாரு. முன்னேயெல்லாம் டோக்கன் வாங்கின நாள் சம்பளம் போன நாள்னு அர்த்தம். மாத்திரை நாலு எழுதினா ரெண்டு இருக்கும். ரெண்டு 'அடுத்த வாரம் வாங்க'. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்க ஒரு நாள், அங்கே காட்ட ஒரு நாள், டெஸ்டுக்கு ஒரு நாள். நான் எதுக்குப் பொய் சொல்லணும்? எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. டிஸ்பென்சரி வரிசையில் நின்று பார்த்தவர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள்.

ஆனால் கிளம்பும்போது அவரே ஒன்று சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று வாரம் ஓய்வு எடுக்கும்படி டாக்டர் எழுதினார். இருந்த லீவு பத்து நாள். பதினொன்றாம் நாள் வேலைக்குப் போனார். பழைய அட்டையானால் அந்த நாட்களுக்கு எழுபது பாகம் சம்பளம் வந்திருக்கும். புது அட்டை ஆஸ்பத்திரிக்குத்தான் பணம் கொடுக்கும். வீட்டு அடுப்புக்குக் கொடுக்காது. அவருடைய ரத்தக் கொதிப்பு மாத்திரைக்கும் அதில் இடமில்லை. படுக்கையில் படுத்தால்தான் அந்த அட்டைக்கு உயிர் வரும். மாதாமாதம் விழுங்குகிற மாத்திரை, டாக்டர் பீஸ், ரத்தப் பரிசோதனை எல்லாம் பெரும்பாலான குரூப் பாலிசிகளில் சொந்தச் செலவு.

இதற்கு மட்டும் ஒரு வழி உண்டு, பலருக்குத் தெரியவில்லை. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். அங்கே சம்பளம் கேட்பதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அந்த அம்மாளிடம் சொன்னேன். "அது ஏழைங்களுக்குன்னு நினைச்சேன்" என்றார். 21,000 ரூபாய் தாண்டியதும் நமக்கே நம்மைப் பற்றி ஒரு மதிப்பு வந்துவிடுகிறது!

அறை வாடகை என்ற கண்ணி

அடுத்து ஓர் இளைஞர். அவருடைய தகப்பனாருக்கு மார்வலி, ரத்தக்குழாயில் அடைப்பு. அட்டையில் மூன்று லட்சம் இருக்கிறது என்ற தைரியத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். "அப்பா நிம்மதியாகப் படுக்கட்டும்" என்று தனி அறை கேட்டார். நாள் வாடகை 4,500. பாலிசியிலோ நாளொன்றுக்கு 3,000 ரூபாய்தான் அறை வாடகை அனுமதி. போகட்டும், நாளுக்கு 1,500 ரூபாய் கூடப் போட்டுக்கொள்ளலாம் என்று அவர் எண்ணினார்.

கணக்கு அப்படி வேலை செய்வதில்லை என்பது பில் வந்தபோதுதான் தெரிந்தது. அனுமதித்த வாடகை, எடுத்துக்கொண்ட வாடகையில் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே டாக்டர் பீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸ் கட்டணம் முதலியவற்றிலும் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும்! மருந்துக்கும் பரிசோதனைக்கும் உள்ளே வைக்கிற ஸ்டெண்டுக்கும் இந்த வெட்டு கிடையாது, மற்றவற்றுக்கு உண்டு. அப்படிப்பட்ட செலவுகள் மட்டும் அவர் பில்லில் 90,000. முப்பதாயிரம் கையிலிருந்து போயிற்று. "ஒரு ஜன்னலுக்கு முப்பதாயிரம் சார்" என்றார். அந்த ஜன்னல் வழியாக என்ன தெரிந்தது என்று கேட்டேன். பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரிந்ததாம்.

ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் மேஜையில் உட்காரும் பெண்ணுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் அவர் சொல்வதில்லை. "கேட்டா சொல்லுவோம். யாரும் கேக்கறதில்லை. அழுதுகிட்டு வராங்க, கையெழுத்துப் போட்டுட்டுப் போறாங்க" என்று அப்படிப்பட்ட மேஜையில் நான்கு வருஷம் வேலை பார்த்த ஒரு பெண் என்னிடம் கூறினார்.

அந்த இளைஞருக்கு இன்னொரு தொல்லையும் நேர்ந்தது. குரூப் பாலிசி வருஷா வருஷம் புதுப்பிக்கப்படுவது. எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி குறைந்த பிரீமியம் கேட்கிறதோ, ஆலை நிர்வாகம் அங்கே போகும். கம்பெனி மாறினால் டி.பி.ஏ. மாறும், அது மாறினால் ஆஸ்பத்திரிப் பட்டியல் மாறும். தகப்பனாருக்கு ஸ்டெண்டு வைத்த டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரி, அடுத்த வருஷப் பட்டியலில் இல்லை. பழைய டாக்டரிடம் போனால் முதலில் கைப்பணம் கட்டி, பிறகு ரசீதுகளை அனுப்பிக் காத்திருக்க வேண்டும்.

கடல் கடந்தும் இதே கதைதான் என்று படித்திருக்கிறேன். அமெரிக்காவில் ஏழைகளுக்கான 'மெடிகெய்ட்' என்ற அரசாங்க இன்ஷூரன்ஸ் உண்டு. அரிசோனா மாகாணம் 1982இல் அதில் சேர்ந்தபோது, தொடக்கத்திலிருந்தே தனியார் நிர்வாகத் திட்டங்களிடம் நோயாளிகளை ஒப்படைத்தது. ஒவ்வொரு மாகாணமாகப் பின்தொடர்ந்து, இப்போது அந்த இன்ஷூரன்ஸில் இருப்பவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் வைத்தியம் பெறுகிறார்கள். 'என் டாக்டர் பட்டியலில் இருக்கிறாரா?' என்பதுதான் அங்கேயும் நோயாளியின் முதல் கேள்வி. அங்கே அரசாங்கம் தீர்மானித்து மாற்றுகிறது. இங்கே ஒரு சம்பள உயர்வு மாற்றிவிடுகிறது.

திரிசங்கு

'ஈ.எஸ்.ஐ. போனால் என்ன? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே!' என்று சிலர் கேட்கலாம். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் இப்பெயர் பெற்று, பிறகு மத்திய அரசுத் திட்டத்தோடும் இணைந்து, குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தருகிற திட்டம் அது. ஆனால் அதிலும் ஒரு கம்பு உண்டு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் 21,000 என்றால் வருஷத்துக்கு 2,52,000. ஈ.எஸ்.ஐ.க்குப் பணக்காரன், காப்பீட்டுத் திட்டத்துக்கும் பணக்காரன், சொந்தச் செலவில் வைத்தியம் பார்க்கவோ ஏழை. வானத்திலும் இல்லாமல் பூமியிலும் இல்லாமல் தொங்கிய திரிசங்குவுக்காவது விசுவாமித்திரர் இருந்தார்.

நம் பிளாட்பார நண்பர் இந்தத் திரிசங்கு நிலையில் ஏப்ரல் மாதம் மாட்டிக்கொண்டார். 'உனக்கு ஈ.எஸ்.ஐ. நின்றுவிட்டது' என்று ஆலையில் சொன்னார்கள். புது அட்டை வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். டயாலிசிஸ் ஆறு வாரம் காத்திருக்குமா? தனியாரிடம் தவணை ஒன்றுக்கு 2,000 ரூபாய் கொடுத்து நான்கு தவணை செய்தார், எட்டாயிரம் கடன். ஐந்தாவது தவணைக்கு அவர் மனைவி, "இந்த வாட்டி வேணாங்க, உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் இரவு மூச்சுத் திணறல். ஆட்டோவில் வைத்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே காப்பாற்றினார்கள்.

அதற்குப் பிறகுதான், ஓய்வு பெற்ற ஈ.எஸ்.ஐ. பார்மசிஸ்ட் ஒருவர் இவருக்கு விஷயத்தைச் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சந்தா நின்றால் வைத்தியம் அன்றே நிற்பதில்லை!

வாசகர்கள் இதைக் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம். அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. முதல் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் உண்டு. இரண்டாம் காலத்தில் கட்டியிருந்தால், ஜூலை முதல் டிசம்பர் வரை உண்டு. நம் நண்பர் மார்ச் முடிய முழுச் சந்தா கட்டியவர். ஆகவே டிசம்பர் 31 வரை அவருக்கும் குடும்பத்துக்கும் உரிமை இருந்தது. அந்த எட்டாயிரம் ரூபாயும், அந்த இரவும், ஒருவர் சொல்லியிருந்தால் இல்லாமல் போயிருக்கும்.

இன்னொன்றும் அந்தப் பெரியவர் சொன்னார். சம்பளம் ஏப்ரல் முதல் தேதியோ அக்டோபர் முதல் தேதியோ ஏறினால் உடனே வெளியே. மே மாதம் ஏறினால், செப்டம்பர் முடியும் வரை சந்தா பிடித்தாக வேண்டும். தொழிலாளி உள்ளேயே இருக்கிறார். ஓவர்டைம் பணத்தைச் சேர்த்து '21,000 தாண்டிவிட்டாய்' என்று சொல்லவும் கூடாது. உச்சவரம்புக் கணக்கில் ஓவர்டைம் சேராது. "ஒப்பந்தம் போடற சங்கத்துக்காரங்க ஒரு மாசம் தள்ளித் தேதி போட்டா, அம்பது குடும்பத்துக்கு ஒரு வருஷம் ஓடும். யார் சார் இதையெல்லாம் யோசிக்கறாங்க?" என்று அவர் ஆதங்கப்பட்டார்.

புது அட்டையிலும் உரிமைகள் இல்லாமல் இல்லை. ரொக்கமில்லாச் சிகிச்சைக்கு அனுமதி கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் நேரத்தில் இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் உத்தரவிட்டது. தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதல் வாடகை கேட்டால், அதை இன்ஷூரன்ஸ் கம்பெனிதான் ஏற்க வேண்டும். கம்பெனியிடம் எழுத்தில் புகார் கொடுத்து முப்பது நாளில் நியாயம் கிடைக்காவிட்டால், சென்னையில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். வக்கீல் வேண்டாம், கட்டணமும் கிடையாது. நான் பேசியவர்களில் ஒருவர்கூட அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை.

ஆலைகளின் பணியாளர் அதிகாரிகள் மீது எல்லாப் பழியையும் போட எனக்கு மனமில்லை. நண்பரின் மானேஜரையும் பார்த்தேன். நல்ல மனிதர். "ஒப்பந்தம் எல்லாருக்கும் பொது. ஒருத்தருக்கு மட்டும் சம்பளத்தைக் குறைச்சுக் காட்டினா நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்து என்னைத்தான் கேட்பாரு. மத்த நாப்பது பேரும் வெளியே வந்ததுக்குச் சந்தோஷப்படறாங்க. நான் என்ன செய்யட்டும்?" என்றார். அவர் சொன்னதும் உண்மை. ஆனால் வெளியே போகிற தொழிலாளிக்கு, 'உன் பழைய உரிமை இன்ன தேதி வரை' என்று ஒரு துண்டுக் காகிதம் கொடுப்பதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. இதை அவரிடம் சொன்னேன். குறித்துக்கொண்டார்.

ரயில் வந்துவிட்டது. நண்பர் பையைத் திறந்து ஒரு தாளைக் காட்டினார். பள்ளிக்கூட நோட்டில் கிழித்த தாள். மகள் போட்ட கணக்கு. பத்தாம் வகுப்புப் படிக்கிறாளாம். வருஷத்துக்கு 104 தவணை; தவணைக்கு 2,000; மொத்தம் 2,08,000. புது அட்டையில் மூன்று லட்சம். மீதி 92,000. அதில் அவர், மகள், மகன் மூவரும் வருஷம் முழுவதும் நோயில்லாமல் இருக்க வேண்டும். ரத்தம் ஊறுவதற்குப் போடுகிற ஊசி அந்த அட்டையில் சேருமா சேராதா என்பதற்கு எதிரே மகள் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். தனியாக ஒரு பாலிசி எடுக்கலாமே என்றால், டயாலிசிஸில் இருப்பவரைச் சேர்த்துக்கொள்ள கம்பெனிகள் தயாராயில்லை. ஸ்டான்லியில் இடம் கேட்டுப் பதிவு செய்யலாம் என்று அங்கிருந்த டாக்டர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அன்று அவர் போனது அதற்காகத்தான்.

"டிசம்பர் வரைக்கும் பழைய ஆஸ்பத்திரி சார். ஜனவரி ஒண்ணாந்தேதி வியாழனா வெள்ளியான்னு கூட இன்னும் பார்க்கலை. அவளுக்கு வியாழக்கிழமை தவணை" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். உட்கார இடம் இல்லை. வாசல் பக்கம் நின்றபடி, பையை மறுபடியும் மார்போடு அணைத்துக்கொண்டார்.